கூடு மாறிய ஊசி

கூடு விட்டுக் கூடு பாய்வது சித்தர்களுக்கு மட்டுமே வாய்த்த வித்தை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சாத்தனூரில் மூலன் என்ற மேய்ப்பன் இறந்து கிடக்க, பசுக்கள் கதறுவதைப் பொறுக்காத யோகி ஒருவர் அந்த உடலுக்குள் புகுந்து திருமூலர் ஆனார் என்பது கதை. சென்ற ஆண்டு புக்கிட் பெருந்துங்கில் எங்கள் வரிசை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நானும் ஒரு கூடு மாற்றம் செய்தேன். கட்டைவிரல் நுனி அளவே உள்ள ஒரு பொருளுக்கு.

அதன் பெயர் கார்ட்ரிட்ஜ். இசைத்தட்டு சுற்றும்போது அதன் மேல் ஒரு கை நீண்டு நிற்குமே, அந்தக் கையின் நுனியில் ஊசியைத் தாங்கி நிற்கும் சின்னப் பெட்டி அது. தட்டின் பள்ளத்தில் ஊசி நெளிகிற நெளிவை மின்சாரமாக மாற்றுவது அதன் வேலை. அந்தப் பெட்டியின் உள்ளே இருக்கும் காந்தம், கம்பிச்சுருள், ஊசி எல்லாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, வெளிக்கூட்டை மட்டும் கழற்றி எறிந்து வேறு கூட்டில் குடியேற்றும் பழக்கம் உலகமெங்கும் இசைத்தட்டுப் பிரியர்களிடம் உண்டு. "நல்லா ஓடுற சாமானைப் பிரிச்சுப் போட்டு எதுக்குப்பா இந்த வேலை?" என்று என் மகள் கேட்டாள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல அப்பாவிடம் இருந்து தொடங்க வேண்டும்.

அப்பாவின் பெட்டி

அப்பா காலையில் பால்மரம் சீவினார், மாலையில் 'ரேடியோ செட்' போட்டார். பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில், இன்று பெஸ்தாரி ஜெயா என்று அழைக்கப்படும் பகுதியில், எங்கள் தோட்டத்திலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் கல்யாணம், சடங்கு, மாரியம்மன் திருவிழா எதுவானாலும் அப்பாவின் பெட்டி போகும். கூம்பு ஒலிபெருக்கியைத் தென்னை மரத்தில் கட்டி, பந்தலுக்குள் மேசை போட்டு உட்கார்ந்துவிடுவார். எந்த நேரத்தில் எந்தத் தட்டு என்பதில் அவருக்குக் கணக்கு உண்டு. விடியலில் சீர்காழி கோவிந்தராஜன். மாப்பிள்ளை அழைப்புக்கு நாகஸ்வரம். பந்தி நடக்கும்போது டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும். இரவு கூட்டம் கலையாமல் இருக்க, 'திருவிளையாடல்' வசனத் தட்டு.

தோட்டம் கைமாறியது. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது, பிறகு லயங்களும் போயின. ஆளுக்கொரு பக்கமாகச் சிதறியதில் எங்களைப் போன்ற சில குடும்பங்கள் புக்கிட் பெருந்துங்குக்கும் புக்கிட் செந்தோசாவுக்கும் வந்து சேர்ந்தோம். தொண்ணூறுகளில் பெரிய கனவோடு எழுந்து, 1997 நிதி நெருக்கடியில் பாதி வீடுகளும் கடைகளும் ஆளில்லாமல் நின்ற ஊர் இது. அதனால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு இங்கே வீடு கட்டுப்படியானது. வரும்போது அப்பா கட்டிலைக்கூட விட்டுவிட்டார், பெட்டியை விடவில்லை. அவர் தவறிப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. பெட்டியில் 143 தட்டுகள் இருக்கின்றன.

அந்தத் தோட்டத்தில் இன்றும் சத்தம் போடக்கூடியது இந்த 143 தட்டுகள் மட்டும்தான். கோயில் இடம் மாறிவிட்டது, பள்ளிக்கூடம் இடம் மாறிவிட்டது. பெரட்டுக் களத்தில் அடித்த மணி எங்கே போனது என்று தெரியாது.

தேய்ந்த பள்ளம்

அப்பா வைத்திருந்தது அந்தக் காலத்துப் பெட்டி பிளேயர். அதில் இருந்தது செராமிக் கார்ட்ரிட்ஜ். அந்த வகை ஊசிகள் தட்டின் மேல் ஐந்து, ஆறு கிராம் பாரத்தோடு உட்காரும். ஊசி முனை பெரும்பாலும் சஃபையர் கல். வைரத்தோடு ஒப்பிட்டால் அது மிகச் சீக்கிரம் தேயும். தேய்ந்த முனை உளி மாதிரி பள்ளத்தைச் செதுக்கத் தொடங்கும். திருவிழா முடிந்து வீட்டுக்கு வரும் தட்டில் மண்ணும் விபூதியும் ஒட்டியிருக்கும். நம் ஊர் ஈரத்தில் உறையோடு சேர்ந்து பூசணமும் பிடிக்கும். இத்தனையும் தாண்டி அந்தத் தட்டுகளில் பாட்டு மிச்சம் இருப்பதே ஆச்சரியம்தான்.

மகள் சொல்வது போல் இந்தப் பாட்டுகளில் பாதிக்கு மேல் கைபேசியிலேயே கிடைக்கும். நானும் கேட்கிறேன். ஆனால் அம்மாவுக்கு அது போதவில்லை. "பாட்டு இருக்குது, ஆளு இல்ல" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அம்மாவுக்கு வயது 81. எந்தத் தட்டில் எந்த இடத்தில் கீறல் விழும் என்பது வரை அவருக்குத் தெரியும். அந்தக் கீறலோடு சேர்த்துத்தான் அது அவருடைய பாட்டு.

ஆகவே என் தேவை தெளிவாக இருந்தது. தட்டை இனிமேலும் தேய்க்காத ஊசி வேண்டும். தேய்ந்த பள்ளத்தில் மிச்சம் இருப்பதை எடுத்துத் தரும் ஊசி வேண்டும்.

ஜப்பான்காரரின் ஊசி

பலரிடம் கேட்டு, பல மாதம் காசு சேர்த்து வாங்கியது டெனான் டிஎல்-103. இது 1960களின் தொடக்கத்தில் ஜப்பானிய வானொலி நிலையமான என்எச்கேயோடு சேர்ந்து, ஒலிபரப்புக் கூடங்களின் உபயோகத்துக்காக உருவாக்கப்பட்டது. அறுபது வருடம் தாண்டியும் ஏறக்குறைய அதே வடிவில் இன்னும் செய்து விற்கிறார்கள். கைபேசி இரண்டு வருடத்தில் பழையதாகிவிடும் காலத்தில் இது அதிசயம்.

இதன் ஊசி முனை உருண்டையானது, ஆரம் 16.5 மைக்ரான். மோனோ காலத்து ஊசிகளின் ஆரம் 25 மைக்ரான் அளவில் இருந்தது. பள்ளம் என்பது 'வி' வடிவம். பெரிய உருண்டை மேலே தொடும், சின்ன உருண்டை கொஞ்சம் கீழே இறங்கித் தொடும். அதாவது அப்பாவின் ஊசி உரசித் தேய்த்த இடத்துக்குக் கீழே, அவ்வளவாகத் தேயாத சுவரில் இந்த ஊசி உட்காருகிறது. பாரமும் 2.5 கிராம்தான். நகைக் கணக்கில் சொன்னால் கால் பவுனைவிடச் சற்றே கூட.

ஒரு எச்சரிக்கை. பெட்டியில் உள்ள அரக்குத் தட்டுகளை, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய தட்டுகளை, இந்த ஊசியால் தொடக்கூடாது. அவற்றின் பள்ளம் மிக அகலம். சுமார் 75 மைக்ரான் ஆரமுள்ள தனி ஊசி அவற்றுக்கு வேண்டும்.

இன்னொன்றும் என்னை ஈர்த்தது. அப்பாவின் தட்டுகளில் பல 'கொலம்பியா' சின்னம் போட்டவை, கல்கத்தா டம்டம் ஆலையில் அச்சானவை. நடுவில் இரட்டை இசைக்குறி முத்திரை இருக்கும். டெனான் ஊசியைச் செய்த நிறுவனத்தின் அன்றைய பெயர் நிப்பான் கொலம்பியா. அதன் முத்திரையும் அதே இரட்டை இசைக்குறிதான். அமெரிக்காவில் முளைத்த ஒரே பெயரின் கிளைகள் இங்கிலாந்துக்குப் போய், அங்கிருந்து இந்தியாவுக்கும் ஜப்பானுக்கும் படர்ந்திருக்கின்றன. தட்டும் ஊசியும் ஏதோ ஒரு வகையில் பங்காளிகள். இரண்டும் சந்திக்க சிலாங்கூரின் வடக்கு மூலையில் எங்கள் வீடு வாய்த்தது.

கூடு என்ன செய்கிறது?

சரி, கூட்டுக்கு வருவோம். டிஎல்-103இன் குறை என்று எல்லாரும் விரல் நீட்டுவது அதன் பிளாஸ்டிக் கூட்டைத்தான். மெல்லியது, இலேசானது, திருகு முறுக்கினால் நெளிகிற மாதிரி இருக்கும்.

இது ஏன் முக்கியம் என்பதை இப்படிப் பார்க்கலாம். ஊசி பள்ளத்தில் அசையும்போது அதோடு இணைந்த கம்பிச்சுருள் காந்தத்தின் நடுவே அசைகிறது. அந்த அசைவுதான் பாட்டு. ஆனால் அசைவு என்பது எதையாவது வைத்துத்தானே அசைவு? காந்தம் அசையாமல் நின்றால்தான் சுருளின் அசைவு முழுதாகப் பதிவாகும். காந்தத்தைப் பிடித்திருப்பது கூடு. கூடு தானும் சேர்ந்து அதிர்ந்தால், ஊசி சொன்னதில் கொஞ்சம் காணாமல் போகும், ஊசி சொல்லாதது கொஞ்சம் சேர்ந்துவிடும். ஆடுகிற ஏணியில் நின்றுகொண்டு கோடு போடுவது போல. கைத் திறமையில் குறை இல்லை, ஏணிதான் ஆடுகிறது.

அலுமினியம், பித்தளை, கருங்காலி, அழுத்தி இறுக்கிய மரம் என்று பலவற்றில் மாற்றுக் கூடுகள் செய்து விற்கிறார்கள். இதைக் கேள்விப்பட்ட என் நண்பர், மரச்சாமான் ஆலையில் வேலை பார்ப்பவர், உடனே ஒரு யோசனை சொன்னார். "நம்ம கித்தா மரத்துலயே செஞ்சு தர்றேன். உங்கப்பா சீவுன மரத்துக்குள்ள அவரு தட்டு பாடட்டும்."

கேட்டதும் நெஞ்சு நெகிழ்ந்தது உண்மை. ஓர் இரவு முழுக்க அதை நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் முப்பத்தொரு வருடம் ரவாங்கில் மின்னணுத் தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன் நான். பால்மரப் பலகை நாற்காலிக்கும் மேசைக்கும் அருமையானது. கருங்காலி தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனமானது, பால்மரம் மிதக்கும். ஈரத்துக்கு உப்பி வறட்சிக்குச் சுருங்கும் இலேசான மரத்தில், ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடப் பிசகக்கூடாத பொருளை வைக்க மனம் ஒப்பவில்லை. பாசத்துக்காக ஒன்றைச் செய்து பாட்டைக் கெடுத்தால் அப்பாவே திட்டுவார். அலுமினியக் கூட்டை வெளிநாட்டில் இருந்து வரவழைத்தேன். நண்பர் கோபித்துக்கொள்ளவில்லை. அந்தப் பலகையில் டர்ன்டேபிளுக்கு ஒரு மேசை செய்து கொடுத்தார். மரத்துக்கு உரிய இடம் அதுதான்.

பாரக் கணக்கு

கூடு மாறினால் எடையும் மாறும். டிஎல்-103 தன் சொந்தக் கூட்டில் 8.5 கிராம். புதுக் கூட்டில் என் தராசு காட்டியது 13.6 கிராம். இதை எந்தக் கையிலும் மாட்டிவிட முடியாது. கையின் எடையும் ஊசித் தாங்கியின் நெகிழ்வும் சேர்ந்து ஒரு தாளத்தில் ஆடும். ஊஞ்சலுக்குத் தன் வேகம் இருப்பது போல. அந்த ஆட்டம் நொடிக்கு 8 முதல் 12 தடவைக்குள் இருப்பது நல்லது. அதற்குக் கீழே போனால் வளைந்த தட்டும் தரையில் நடக்கும் காலடியும் ஊசியை உலுக்கும். மிக மேலே போனால் பாட்டின் அடிநாதத்தோடு மோதும்.

என் டர்ன்டேபிளின் கைக்கு 12 கிராம் கணக்கு. பழைய கூட்டோடு போட்டுப் பார்த்தபோது ஏறக்குறைய 10.8 வந்தது, புதுக் கூட்டோடு 9.8. இரண்டும் வரம்புக்குள். டிஎல்-103இன் ஊசித் தாங்கி கொஞ்சம் விறைப்பானது, ஆகவே கனமான கை அதற்குப் பிடிக்கும். நெகிழ்வான ஊசி உள்ள வேறு கார்ட்ரிட்ஜுக்கு இதே வேலையைச் செய்தால் கணக்கு கவிழ்ந்துவிடும். கையின் பின்புற எடைக்கல்லை மட்டும் கனமானதாக மாற்ற வேண்டியிருந்தது.

மேசை மேல் ஒரு காலை

மழை இல்லாத ஞாயிற்றுக்கிழமை காலையைத் தேர்ந்தெடுத்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். வெள்ளைத் துணி விரித்து, உருப்பெருக்கி விளக்கைப் பொருத்தி, இரும்புச் சாமான்களை எல்லாம் எட்ட வைத்தேன். கார்ட்ரிட்ஜின் காந்தம் சாதாரண திருப்புளியைக்கூட வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். இழுத்தால் ஊசி போச்சு.

பிளாஸ்டிக் கூட்டின் ஒட்டை மெல்லிய கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. உள்ளே இருந்து வந்தது ஒரு கடலைப் பருப்பைவிடச் சற்றுப் பெரிய இதயம். காந்தம், அதைப் பிடித்த இரும்புத் துண்டுகள், நடுவே சுருள், முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் ஊசி. சுருளில் இருந்து பின்புறத்து நான்கு முனைகளுக்குப் போகும் கம்பி தலைமுடியைவிட மெல்லியது. மூச்சு பட்டால் ஆடுகிறது. அது அறுந்தால் நான் சேர்த்த காசும் அறுந்தது. மகள் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள், கேள்வி எதுவும் கேட்கவில்லை.

புதுக் கூட்டில் அதை வைத்து, மெதுவாக இறுகும் எபோக்சிப் பசையை நான்கு பொட்டு மட்டும் வைத்தேன். சிலர் கூடு முழுவதையும் பசையால் நிரப்பிவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் நாளை எதையும் பிரிக்க முடியாது. பசை இறுகுவதற்குள் ஒரு சின்னக் கண்ணாடியின் மேல் நிறுத்தி, ஊசியும் அதன் பிம்பமும் ஒரே நேர்கோட்டில் நிற்கிறதா என்று பார்த்துத் திருத்தினேன். பிறகு ஒரு நாள் முழுக்க யாரும் தொடவில்லை.

காது சொன்ன தீர்ப்பு

முதலில் போட்டது 'கொஞ்சும் சலங்கை' தட்டு. 1962இல் வந்த படம். எஸ்.ஜானகியின் குரலும் காருக்குறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வரமும் ஒன்றை ஒன்று துரத்தும் அந்தப் பாட்டு எந்த ஊசிக்கும் அக்கினிப் பரீட்சை. அப்பாவின் பெட்டியில் அது உச்சிக்குப் போகும்போதெல்லாம் தகரத்தைக் கீறுவது போல் இருக்கும். இப்போது நாகஸ்வரம் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் என்று தனித்தனியாக நின்றன.

ஆனால் காசு செலவழித்தவன் காது எப்போதும் காசுக்குச் சாதகமாகத்தான் கேட்கும். அதற்காகவே கூடு மாற்றுவதற்கு முன்பு ஐந்து தட்டுகளைக் கணினியில் பதிந்து வைத்திருந்தேன். மாற்றிய பிறகு அதே ஐந்தையும் அதே ஒலி அளவில் பதிந்தேன். எது பழசு எது புதுசு என்று சொல்லாமல் மகள் மாற்றி மாற்றிப் போட, நான் கண்ணை மூடிச் சொன்னேன். பத்துக்கு ஏழு சரி. கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் நாணயத்தைச் சுண்டி விட்டாலும் ஆறு தடவைக்கு ஒரு தடவை ஏழோ அதற்கு மேலோ வரும். வாத்தியங்கள் கூட்டமாக முழங்கும் இடங்களில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. ஒற்றைக் குரலும் ஒற்றை வாத்தியமும் நிற்கும் இடங்களில் தெரிந்தது. மாற்றம் சின்னதுதான், ஆனால் இருக்கிறது என்பது என் முடிவு.

பெரிய மாற்றம் தேய்ந்த ஊசியை விட்டு நல்ல ஊசிக்கு வந்ததில்தான். அதற்கு அடுத்தது, மோனோ தட்டுகளுக்கு இரண்டு பக்க ஒலியையும் ஒன்றாகச் சேர்த்துவிடுவது. அப்படிச் சேர்த்தால், மேலும் கீழுமாக வரும் தூசிச் சத்தம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு குறைந்துவிடும். இதற்கு ஒரு விசை போதும். கூடு மாற்றம் மூன்றாம் இடம்தான். இதை மறைத்து, கூட்டை மாற்றினால் சொர்க்கம் தெரியும் என்று நான் எழுதினால் அது விளம்பரம்.

கூடு எதையும் புதிதாகச் சேர்ப்பதில்லை என்பதே எனக்குப் பிடித்திருக்கிறது. அது பாடவே பாடாது. அசையாமல் பிடித்துக்கொள்வது மட்டுமே அதன் வேலை. யோசித்தால் அப்பா பந்தலில் செய்ததும் அதுதான். அவர் ஒரு பாட்டும் பாடியதில்லை. யார் வீட்டுக் கல்யாணத்திலும் மேடை ஏறியதில்லை. மேசைக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார், தோட்டமே பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அம்மா இந்தக் கணக்கெல்லாம் கேட்கவில்லை. சுசீலாவின் ஒரு தட்டு பாதி ஓடியபோது, "இப்ப மூச்சு எடுக்குறது கேக்குது" என்றார். பிறகு, "சத்தத்தக் கொஞ்சம் கூட்டு, பக்கத்து வீட்டுக்கும் கேக்கட்டும்" என்றார்.

பக்கத்து வீட்டுக்குக் கேட்டது. எதிர் லயத்து அத்தை இப்போது இரண்டு வீதி தள்ளி இருக்கிறார், அவர் வந்தார். புக்கிட் செந்தோசாவில் இருந்து மண்டோர் மாமா வந்தார். "இந்தத் தட்டு என் கல்யாணத்துல போட்டது" என்றார் அத்தை. "இல்ல, எங்க வீட்டுச் சடங்குல" என்றார் மாமா. இரண்டிலும் அப்பா அதைப் போட்டிருப்பார். இப்போது மாதம் ஒரு ஞாயிறு என்று வைத்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஆறு தட்டுகளுக்கு மேல் போடுவதில்லை, ஒவ்வொன்றையும் கணினியில் பதிந்துவிடுகிறேன். இதுவரை 61 முடிந்திருக்கிறது.

உங்கள் வீட்டிலும் அலமாரிக்கு மேலே, படிக்கட்டுக்குக் கீழே இப்படி ஒரு பெட்டி இருக்கலாம். அதற்காக யாரும் கார்ட்ரிட்ஜைப் பிரிக்க வேண்டியதில்லை. தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல் புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். பூசணம் பிடித்த உறையை மாற்றுங்கள். ஊசி எத்தனை வருடம் பழசு என்று தெரியாத பிளேயரில் போட்டுப் பார்க்காதீர்கள், ஒரே ஓட்டத்தில் மிச்சமும் போய்விடும். தூக்கிப் போடுவதற்கு முன், அதைக் கேட்டு வளர்ந்த ஒருவரைக் கூப்பிட்டு உறைகளை மட்டும் ஒவ்வொன்றாகக் காட்டுங்கள். எந்தத் தட்டு யார் வீட்டுக் கல்யாணத்தில் ஓடியது என்று அவர் சொல்லும்போது, பக்கத்தில் ஒரு பேனாவும் தாளும் இருக்கட்டும்.